ஹெரால்டின் பாடியைத் தூக்குவதற்கு முன்

எல்லாப் பழைய காரிலும் பாடியைத் தனியாகத் தூக்கிவிட முடியாது. அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் தனி சேஸிஸ் கிடையாது; பாடிதான் வண்டியையே தாங்குகிறது. வீட்டிலேயே பாடியைக் கழற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்குத் தோதான வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஹெரால்டை உருவாக்கிய ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனத்துக்குப் பாடி செய்து கொடுத்துவந்த பிஷர் அண்ட் லட்லோவை, போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. முழு பாடியையும் செய்து தர ஆள் இல்லை. பகுதி பகுதியாகச் செய்து வாங்கி, சேஸிஸ் மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்த அந்த வண்டி 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961 முதல் சென்னையிலும் தயாரானது. அதன் கூரைகூட போல்ட்டில்தான் நிற்கிறது.

பாடி கனமாக இருக்குமே என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது துருவுக்கு. அரித்துப்போன பாடி, சேஸிஸின் பலத்தில்தான் நேராக நிற்கும். போல்ட்டை எடுத்ததும் கதவு வாசல் விரியும், அல்லது சுருங்கும். பிறகு எந்த டிங்கர் வந்தாலும் கதவைச் சரியாகச் சாத்த முடியாது. அதனால் ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே, எல்லாக் கதவு வாசலிலும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்துவிடுங்கள். வண்டி சமதரையில் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது இதைச் செய்ய வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும், டிக்கிக்குள் இருக்கும் பெட்ரோல் டேங்கையும் கழற்றி வெளியே எடுத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை; ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு பானெட், சீட், பம்பர் ஆகியவற்றைக் கழற்றுங்கள். ஸ்டியரிங் தண்டு, பிரேக், கிளட்ச் குழாய்கள், ஹேண்ட்பிரேக், ஸ்பீடாமீட்டர், சோக் கேபிள்கள், ஒயரிங் ஆகிய எல்லாவற்றையும் படம் எடுத்து, சீட்டு கட்டிய பிறகே பிரியுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், துணியோடு நில்லுங்கள்.

பாடி போல்ட்டுகளுக்குச் சில நாள் முன்னதாகவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அப்படியும் அசையாவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம், கிரைண்டரால் அறுத்துவிடுங்கள். புது போல்ட் மலிவு. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் எத்தனை வாஷர், எத்தனை தகட்டுத் துண்டு இருந்தது என்று இடம் குறித்து எழுதி வைப்பது அவசியம். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை நிர்ணயிப்பது அவைதான். இதை அலட்சியம் செய்கிறவர்கள் திரும்பப் பூட்டும்போது வாரக்கணக்கில் தவிப்பார்கள்.

ஹெரால்டின் பாடியை முன்பாதி, பின்பாதி என்று பிரிக்கவும் முடியும். முதல்முறை செய்கிறவர் ஒரே துண்டாகத் தூக்குவதே நல்லது. குறுக்கே இரண்டு உறுதியான மரச்சட்டம் கொடுத்து, ஆறு பேர் சேர்ந்து தூக்கலாம். அல்லது ஜாக்கால் நான்கு மூலையையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்தலாம். போர்ட்டிகோ கூரையில் செயின் பிளாக் மாட்டும் யோசனை வேண்டாம். அந்தக் கூரை அதற்காகக் கட்டப்பட்டதல்ல. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவும் கூடாது. ஏதாவது ஒரு மூலை எழும்ப மறுத்தால் உடனே நிறுத்துங்கள். எங்கோ ஒரு எர்த் ஒயரோ கேபிளோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பாடி உயர்ந்ததும், இன்ஜினும் சக்கரமும் உள்ள சேஸிஸைத் தள்ளி வெளியே எடுத்துவிடலாம்.

சுரண்டிப் பெயின்ட் அடிக்கும்போது சேஸிஸ் எண்ணைத் தேய்த்துவிடாதீர்கள், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது அந்த எண்தான். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு தரும் 2021ஆம் ஆண்டு விதியும், சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்த வண்டியை ஏற்பதில்லை.