இரண்டு சென்ரிமீற்றர் மனிதர்களின் ஊர்

ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்தை அண்டி, செங்கல்லால் கட்டிய பழைய பண்டகசாலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் உள்ளே கால் மணித்தியாலத்துக்கு ஒரு நாள் கழிகிறது. கூரை வெளிச்சம் மெல்ல நீலமாக மாறும். கீழே வீடு வீடாக விளக்குகள் எரியத் தொடங்கும். கடவையில் கேற் விழும். யன்னலெல்லாம் வெளிச்சமாக ஒரு கோச்சி அதைத் தாண்டிப் போகும். அந்தக் கோச்சியின் உயரம் எங்கள் சுண்டுவிரல் அளவுதான்.

'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' என்ற இந்த இடத்தை 2001ஆம் ஆண்டு திறந்தவர்கள் பிரெடெரிக் பிரவுண், கெரிற் பிரவுண் என்ற இரட்டைச் சகோதரர்கள். உலகின் மிகப்பெரிய மாதிரிப் புகையிரதப் பாதை என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது இது. 16 கிலோமீற்றருக்கு மேல் நீளமான தண்டவாளத்தில் 1,000இற்கும் அதிகமான புகையிரதங்கள் ஓடுகின்றன. சுவிட்சர்லாந்து மலைகள், இத்தாலி நகரங்கள், ஸ்கண்டிநேவியக் கடற்கரை என்று ஒவ்வொரு பகுதியாக இன்றுவரை வளர்த்து வருகிறார்கள்.

இங்குள்ள எல்லாவற்றுக்கும் அடிப்படை 87 என்ற எண். உண்மையான பொருளை 87இல் ஒரு பங்காகச் சுருக்குவதே அளவுத்திட்டம். அப்படிச் சுருக்கினால் ஒரு மனிதர் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் உயரம். ஒரு கிலோமீற்றர் வீதி பதினொன்றரை மீற்றர். ஐரோப்பாவின் பெரும்பாலான பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம் 1,435 மில்லிமீற்றர். அது இங்கே பதினாறரை மில்லிமீற்றராகிறது.

ஆனால் நிலக்காட்சியை அமைக்கும்போது இந்தக் கணக்கை அப்படியே பின்பற்ற முடியாது. சுவிட்சர்லாந்தின் மற்றர்ஹோர்ன் மலை 4,478 மீற்றர் உயரமானது. 87இல் ஒரு பங்கென்றாலும் 51 மீற்றருக்கு மேல் வரும். எந்தக் கட்டடமும் அதைத் தாங்காது. எனவே மாடித் தட்டைத் திறந்து, இரண்டு தளங்களுக்கு ஊடாக 6 மீற்றருக்குச் சற்றுக் குறைவாக அதை எழுப்பியிருக்கிறார்கள். வீடும் மனிதரும் கோச்சியும் கணக்குப்படி இருக்கும். மலையும் தூரமும் சுருங்கும். பார்ப்பவரின் கண் நம்புவது கிட்ட இருப்பதைத்தான். கிட்ட இருப்பது சரியாக இருந்தால் தூரத்து மலையையும் அது ஏற்றுக்கொள்ளும்.

மலையின் உடல் மரச்சட்டம், கம்பிவலை, சாந்து ஆகியவற்றால் ஆனது. புல் என்பது நுண்ணிய நார்த்துணுக்குகள். பசை பூசிய தரையில் மின்னேற்றம் கொடுத்துத் தூவினால் ஒவ்வொரு நாரும் நிமிர்ந்து நிற்கும். வீதியில் ஓடும் வாகனத்தின் முன்னால் ஒரு சிறு காந்தம் உண்டு. வீதிக்கு அடியில் புதைத்த கம்பியை அது பிடித்துக்கொண்டு போக, கணினி அதை நிறுத்தவும் திருப்பவும் செய்கிறது. ஸ்கண்டிநேவியக் கடலில் இருப்பது சுமார் 30,000 லீற்றர் உண்மையான தண்ணீர்.

இத்தனை தொழில்நுட்பமும் இருக்க, சனம் நின்று பார்ப்பது பெரும்பாலும் சின்ன விசயங்களை. ஒருவர் ஏணியில் நின்று பழம் பறிக்கிறார். மேடையில் ஒருவர் பெட்டியோடு காத்திருக்கிறார். இப்படி இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான உருவங்கள். சாதாரண நாள் ஒன்றின் சாதாரண வேலைகள்தான் அந்த ஊரை ஊராக்குகின்றன.

இப்படியொரு காட்சியை அமைப்பவர் முதலில் பதில் சொல்லவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இது எந்த ஆண்டு? ஐரோப்பிய மாதிரிப் புகையிரதக்காரர் வரலாற்றைக் காலப்பிரிவுகளாக வகுத்து வைத்திருக்கிறார்கள். நீராவி எஞ்சின் காலத்து நிலையத்தில் இன்றைய கார் நிற்கக்கூடாது. கைகாட்டி, விளம்பரப் பலகை, பெண்களின் உடுப்பு எல்லாம் அந்த ஆண்டுக்கு ஒத்துவரவேண்டும்.

போரைக் கண்ட ஊரில் இது இலேசான கேள்வி அல்ல. 1943 யூலை இறுதியில் நடந்த குண்டுவீச்சில் ஹம்பேர்க்கில் 30,000இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தப் பண்டகசாலைத் தொகுதியிலும் ஏறத்தாழப் பாதி அந்தப் போரில் அழிந்து, பின்னர் மீளக் கட்டப்பட்டது. உள்ளே இருப்பது அழகான மலைகள் மட்டுமல்ல. போர் முடிந்ததிலிருந்து பேர்லின் சுவர் விழுந்தது வரையான பிளவின் கதையையும் அடுத்தடுத்த காட்சிகளாக அமைத்தார்கள். இடிபாட்டையும் அளவெடுத்துத்தான் செய்யவேண்டும்.

இதே கேள்வியை எங்கள் வடக்குப் பாதையிடம் கேட்டுப் பார்க்கலாம். காங்கேசன்துறை வரையான பாதை 1905இல் முழுமையடைந்தது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குள் போயின. பாதை இருந்த இடத்தில் பற்றை வளர்ந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் கோச்சி திரும்பி வந்தது. எங்கள் நிலையம் ஒன்றை மேசையில் அமைக்க விரும்பும் பிள்ளை எந்த ஆண்டைத் தெரிவது? கோச்சி ஓடிய 1980ஐயா, தண்டவாளமே இல்லாத 1995ஐயா, புதுப் பூச்சுப் பூசிய இன்றையதையா?

1980 என்று சொன்னால் சிக்கல் உடனே தொடங்கும். இலங்கையின் அகலப்பாதை 1,676 மில்லிமீற்றர். அதில் 87இல் ஒரு பங்கு 19 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். கடையில் கிடைக்கும் பதினாறரை மில்லிமீற்றர்த் தண்டவாளம் எங்கள் பாதைக்குப் பொருந்தாது. கையால்தான் செய்யவேண்டும். 20 மீற்றர் பனை 23 சென்ரிமீற்றராக வரும். கம்பியும் தும்பும் போதும். இவை செய்யக்கூடியவை.

செய்யமுடியாதது, தெரியாததை. மேடை எத்தனை அடி நீளம்? கிணறு எந்தப் பக்கம்? பெயர்ப்பலகை எதற்கு நேரே நின்றது? கடவைக் காவலரின் அறைக்கு ஓடா, தகரமா? இடம்பெயர்வில் பல வீடுகளின் அல்பங்கள் அழிந்துபோயின. "அப்ப பெரிய ஸ்ரேசன்" என்று சொல்லும் நினைவில் பாசம் இருக்கிறது, அளவு இல்லை.

அந்த அளவுகள் இன்னும் முழுதாகத் தொலைந்துவிடவில்லை. நிலையத்தில் வேலை செய்தவர்கள், முன்னால் தேநீர்க்கடை வைத்திருந்தவர்கள், சீசன் ரிக்கற்றில் படிக்கப் போனவர்கள் சிலர் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். வெளிநாட்டு வீடுகளின் கலியாண அல்பங்களில், மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு நிலையத் தூண் தெரியக்கூடும். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவர்களின் பக்கத்தில் இருந்து, "கிணறு எந்தப் பக்கம்?" என்று கேட்டு ஒரு படம் கீறவைப்பதில் இருந்து தொடங்கலாம்.