கேஸ் ஷீட்டில் எழுதப்படாத கதை

62 வயதுப் பெண்மணி ஒருவர், நான்கு மாதங்களில் மூன்றாம் முறையாக எங்கள் வார்டில் சேர்க்கப்பட்டார். மூன்று முறையும் காரணம் ஒன்றே: கட்டுக்கடங்காத சர்க்கரை. வார்டில் இன்சுலின் போட்டால் அளவு இறங்கும். வீடு திரும்பினால் ஏறிவிடும். ஆகவே முந்தைய இரு முறையும் அவரது கேஸ் ஷீட்டில், "மருந்தை முறையாக எடுத்துக்கொள்வதில்லை" என்று எழுதினோம். எழுதியவர்களுள் மூத்த மருத்துவர்களும் உண்டு.

மூன்றாம் முறை, முதுநிலைப் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர் ஒருவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "ராத்திரி ஊசி போட்ட பிறகு என்னம்மா ஆகும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சற்று நேரம் கழித்து அவ்வம்மையார் சொன்னார்: "ஒரு ராத்திரி உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, எழுந்திருக்க முடியாம கிடந்தேன் தம்பி. கூப்பிடக்கூட வீட்டுல ஆள் இல்ல. அதுலேருந்து ராத்திரி ஊசிய பாதியா குறைச்சுக்கிட்டேன்."

கணவரை இழந்து தனியே வாழ்பவர் அவர். அன்றிரவு அவருக்கு நேர்ந்தது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்ததன் அறிகுறி. அவர் அலட்சியமாக இருக்கவில்லை, உயிருக்கு அஞ்சினார். அதை நாங்கள் கேட்கத் தவறியிருந்தோம். பின்னர் இரவு இன்சுலினின் அளவை மாற்றியமைத்தோம். படுக்கும்முன் சர்க்கரையைச் சோதிக்கவும், தலைமாட்டில் சர்க்கரை டப்பா வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தோம். அவர் சம்மதத்துடன் பக்கத்து வீட்டாரிடமும் பேசினோம். அதன்பின் இக்காரணத்துக்காக அவர் வார்டுக்கு வரவில்லை. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.)

நோயாளியின் கதையைக் கவனித்துக் கேட்டு, பொருள் உணர்ந்து, அதற்கேற்பச் செயல்படும் இத்திறனை, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர் ரீட்டா சாரோன் ஒரு துறையாகவே வளர்த்தெடுத்தார். 'கதைவழி மருத்துவம்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். அதன் தேவையை உணர்த்த ஒரு செய்தி போதும். 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி தம் குறைகளைச் சொல்லத் தொடங்கியபின் மருத்துவர் சராசரியாக 18 நொடிகளில் இடைமறித்தது தெரியவந்தது.

சாரோன் தம் மாணவர்களுக்கு வகுத்த பயிற்சி ஒன்றை நாங்களும் பின்பற்றுகிறோம். கேஸ் ஷீட்டில் எழுத இடமில்லாதவற்றை, அதாவது நோயாளி படும் பாட்டையும் அதைக் கண்டு தம் மனத்தில் எழுவதையும், பயிற்சி மருத்துவர்கள் தனிக் குறிப்பேட்டில் எளிய நடையில் எழுதுவர். பின்னர் சிறு குழுவாக அமர்ந்து, பெயர்களை நீக்கிவிட்டு வாசிப்பர். "இவர் ஏன் இப்படிச் சொன்னார்?" என்ற வினா அங்கே எழும். மறுநாள் அதே கட்டிலருகே செல்லும் மருத்துவர், தாம் கேட்க மறந்ததைக் கேட்டறிவார்.

கூட்டம் மிகுந்த புறநோயாளர் பிரிவில் இதற்கு நேரம் போதாது என்பதை மறைக்க மாட்டோம். ஆகவே உங்கள் துணையும் எங்களுக்குத் தேவை. உடலில் மாற்றம் எப்போது தொடங்கியது, எதற்காக மிகவும் அஞ்சுகிறீர்கள் என்பவற்றை வரும்முன் ஒரு தாளில் குறித்துவையுங்கள். மருந்தை நிறுத்தியிருந்தாலோ குறைத்திருந்தாலோ தயங்காமல் கூறுங்கள். செலவு காரணமாயின் அதையும் கூறுங்கள். நாங்கள் இடைமறித்தால், "இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்" என்று நிறுத்துங்கள். தவறாக எண்ண மாட்டோம். உடனிருந்து கவனிப்போரே, நோயாளி சொல்லக் கூசுவதை நீங்கள் அறிந்திருக்கக்கூடும். அவர் சம்மதத்துடன் எங்களிடம் பகிருங்கள்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவரை முதலில் வைத்தார். அருகிருந்து கவனிப்பவருக்கும் அதில் இடமளித்தார். அந்த வரிசையை எங்கள் இளம் மருத்துவர்கள் கட்டிலருகே அமர்ந்து கற்று வருகின்றனர். அடுத்தமுறை அவர்களுள் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தால், உங்கள் கதையை முழுமையாகச் சொல்லுங்கள்.