களை பறித்த மடியில் கீரை

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலைக் கல்வெட்டைத்தான் சொல்வார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்றொரு குழுவும் வருகிறது. ஏரி இருந்தால் நெல், நெல் இருந்தால் களை. அந்தக் களையில் பாதி கீரை என்பது களை பறிக்கப் போகும் பெண்களுக்குத் தெரியும். சம்பாவோ, நவரையோ, சொர்ணவாரியோ, வேலை முடிந்து கரையேறும்போது மடி கனக்கும். வரப்போரத்துப் பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, மேட்டு நிலத்துப் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, வேலியில் படர்ந்த முடக்கத்தான் என்று கிடைத்ததையெல்லாம் பருப்போடு வேகவைத்து மத்தால் கடைந்தால் கலவைக்கீரை.

காசு கொடுக்காமல் கிடைப்பதால் மரியாதை கொஞ்சம் குறைவு. சிறுபாணாற்றுப்படையில் பசித்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் கண்ணில் படக்கூடாதென்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு சாப்பிடுகிறாள். அந்த நூலின் தலைவன் நல்லியக்கோடனின் ஓய்மாநாடு வேறெங்கோ இல்லை. தெற்கே, திண்டிவனம் பக்கம்தான்.

கீரையை அடையாளம் காண்பது பாதி வேலைதான், மீதி அடுப்படியில். சாரணையில் ஆக்சலேட் அதிகம். வேகவைத்த தண்ணீரை இறுத்துவிட வேண்டும், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தொடாமலிருப்பது நல்லது. நான்கு இலையோடு ஈரத்தில் நிற்கும் ஆரைக்கு ஆஸ்திரேலியாவில் நார்டூ என்றொரு உறவு உண்டு. அங்குள்ள பழங்குடிகள் அதன் வித்துறையைப் பக்குவம் செய்து காலங்காலமாகச் சாப்பிட்டு வந்தார்கள். 1861-இல் பர்க், வில்ஸ் என்ற வெள்ளைக்காரப் பயணிகள் அதே நார்டூவைத் தின்றபடியே மெலிந்து செத்தார்கள். பக்குவம் தவறியதால் உடம்பில் பி1 உயிர்ச்சத்து அழிந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

தொடவே கூடாதவையும் அதே வேலியில்தான் இருக்கின்றன. செங்காந்தள் கிழங்கை வள்ளிக்கிழங்கென்று நினைத்துத் தின்றால் உயிர் போகும். காட்டாமணக்கு விதையைப் பிள்ளைகள் கடலைபோல மெல்லுவதுண்டு, அப்புறம் ஆஸ்பத்திரிதான். ஊமத்தை இளசாக இருக்கும்போது கீரையோடு கீரையாகக் கட்டில் வந்துவிடும். அதனால் மொத்தமாக அறுக்காமல் ஒவ்வொரு செடியாகக் கிள்ள வேண்டும்.

செடியைவிட எனக்குப் பயம் வரப்பைப் பற்றித்தான். ஆள் கிடைக்காத வயல்களில் இன்று களைக்கொல்லி அடிக்கிறார்கள். அடித்த மறுநாள் கீரை பச்சையாகவே நிற்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. நிலத்துக்காரரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். சாக்கடை கலக்கும் ஏரி ஓரத்து வள்ளைக்கீரையும் வேண்டாம்.

காளான் கதை வேறு. மழை விட்டதும் கறையான் புற்றருகே எழும் புற்றுக்காளானுக்குக் காம்பு வேர்போல மண்ணுக்குள் நீண்டு, கறையான் கூடுவரை இறங்கும். இந்தப் பக்கத்து இருளர்கள் ஈசலையும் காளானையும் தேடிப் புற்றுகளைப் படித்து வளர்ந்தவர்கள். அவர்களில் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட வந்தால் போகலாம். தனியாகப் போவதானால் கடையில் சிப்பிக்காளான் வாங்கிக்கொள்வதே மேல். புல்தரையில் குடை விரிக்கும் நச்சுக்காளான் ஒன்றுக்கு முற்றிய பிறகுதான் அடிமடிப்பு பச்சையாகும், இளசில் வெள்ளைதான். மஞ்சள் போட்டுப் பார்ப்பது, வெள்ளிக்காசு போடுவது, பூச்சி அரித்திருந்தால் நல்லதென்பது எல்லாம் வெறும் நம்பிக்கை. கொடிய வகைகளின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள்.

அந்த நஞ்சு உடனே காட்டிக்கொடுக்காது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். ஒரு நாளில் தணிந்தது போலிருக்கும், அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். தணிந்துவிட்டதே என்று வீட்டில் படுத்துக்கொள்ளாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். மிச்சமிருக்கும் காளானை ஒரு தாளில் சுற்றிக் கையோடு கொண்டுபோனால், தின்றது எது என்று கண்டுபிடிக்க மருத்துவருக்கு உதவும்.