உண்ணிக்கடி மூளைக்காய்ச்சல்: தடுப்பூசி எவ்வளவு காக்கிறது?

"ஊசி போட்டவனுக்கும்தானே வந்திருக்கு, பொறகு எதுக்கு அந்த ஊசி?" எந்தத் தடுப்பூசியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இந்தக் கேள்வி எங்கிருந்தாவது வந்துவிடும். கேட்பவரை அறியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. கேள்வி நியாயமானது. அதற்குக் கணக்கோடு பதில் சொல்ல வசதியான ஒரு நோய் ஐரோப்பாவில் இருக்கிறது. உண்ணி கடிப்பதால் வரும் மூளைக்காய்ச்சல் அது.

நம்மூர் மாட்டிலும் நாயிலும் ஒட்டிக்கிடக்கும் உண்ணியின் இனத்தான் ஒன்று, ஐரோப்பியக் காடுகளிலும் புல்வெளிகளிலும் வாழ்கிறது. குஞ்சுப் பருவத்தில் கடுகளவுதான் இருக்கும். கடித்தாலும் வலி தெரியாது. நோய் தரும் வைரஸ் அதன் உமிழ்நீரிலேயே இருப்பதால், கடித்த சில நிமிடங்களிலேயே உடம்புக்குள் இறங்கிவிடலாம். "கண்டவுடன் பிடுங்கி எறிந்துவிட்டேன்" என்று ஆறுதலடைய முடியாது. ஒன்றிரண்டு வாரங்களில் சாதாரணக் காய்ச்சல் போல வரும், போகும். ஆள் சுகமாகிவிட்டார் என்று வீட்டார் நினைக்கும்போது சிலருக்கு இரண்டாம் சுற்று தொடங்கும். இப்போது வைரஸ் மூளையையும் அதன் உறைகளையும் தாக்கியிருக்கும். இந்த வைரஸை அழிக்க மருந்து கிடையாது. ஐரோப்பிய வகையில் மூளை தாக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவர் இறக்கின்றனர். தப்பியவர்களில் பலருக்கு மறதி, நடை தள்ளாட்டம், கை சோர்வு என்று ஏதாவது நீண்டகாலம் தங்கிவிடுகிறது. ஆகவே எல்லாம் தடுப்பில்தான் தங்கியிருக்கிறது.

இந்நோயால் மிகவும் அடிபட்ட நாடுகளில் ஒன்று ஒஸ்ட்ரியா. 1979 இல் மட்டும் அங்கே 677 பேர் பாதிக்கப்பட்டார்கள். வியன்னாவில் கிறிஸ்டியன் குன்ஸ் என்ற வைரஸ் ஆய்வாளரின் முயற்சியில் எழுபதுகளின் நடுவில் ஊசி தயாரானது. 1981 இல் நாடு முழுவதற்குமான பிரசாரம் தொடங்கியது. காலப்போக்கில் சனத்தொகையில் எண்பது வீதத்துக்கு மேற்பட்டோர் ஒரு தடவையாவது ஊசி ஏற்றிக்கொண்டார்கள். 2000 ஆம் ஆண்டளவில் நோயாளிகளின் தொகை வருடத்துக்கு நூறுக்கும் கீழே வந்துவிட்டது. எல்லைக்கு அப்பால் செக் குடியரசில் உண்ணியும் காடும் அதேதான், ஊசி ஏற்றியவர்கள்தான் குறைவு. 2020 இல் செக்கில் 850க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவ்வருடம் ஒஸ்ட்ரியாவிலும் தொகை வழமையை விட ஏறியது உண்மைதான். ஆனாலும் செக்கின் மூன்றில் ஒரு பங்கை அது எட்டவில்லை.

சரி, நோய் குறைந்ததற்கு ஊசிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? உண்ணியே குறைந்திருக்கலாம், மக்கள் காட்டுப்பக்கம் போவதை விட்டிருக்கலாம் அல்லவா? வியன்னா ஆய்வாளர்கள் இதற்கும் விடை தேடினார்கள். ஊசி ஏற்றாதவர்களை மட்டும் தனியே பிரித்துக் கணக்கிட்டார்கள். அவர்களிடையே வருடத்துக்கு ஓர் இலட்சம் பேரில் ஏறக்குறைய 6 பேருக்கு நோய் வந்தது. ஊசி வருவதற்கு முன் நாடு முழுவதிலும் இருந்த அளவும் கிட்டத்தட்ட அதுதான். அப்படியென்றால் காட்டில் எதுவும் மாறவில்லை. மாறியது ஊசி ஏற்றியவர்களின் உடம்பு மட்டுமே.

என் பார்வையில் இந்த ஆய்வில் கிடைத்த மிகப் பெறுமதியான செய்தி இதுதான். ஏனென்றால் இதற்குள் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. சின்னமுத்து போன்ற நோய்களில் ஊரில் பெரும்பாலானோர் ஊசி ஏற்றியிருந்தால், ஏற்றாதவரும் அந்த நிழலில் தப்பிவிடுவார். நோய் ஆளிடமிருந்து ஆளுக்குத்தானே தாவ வேண்டும்! உண்ணிக் காய்ச்சல் அப்படியல்ல. வைரஸ் காட்டெலிக்கும் உண்ணிக்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. மனிதனிடம் வந்தால் அதற்கு மேலே வழியில்லை. அயலவர் நூறு பேர் ஊசி போட்டாலும் போடாதவரின் ஆபத்து குறையாது. நம் பிள்ளைகளுக்கு ஏற்றப்படும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் இப்படிப்பட்டதே. அங்கே எலிக்குப் பதில் பன்றியும் நீர்ப்பறவையும், உண்ணிக்குப் பதில் நுளம்பும். இரண்டு வைரஸும் ஒரே குடும்பம், டெங்கும் அதில் ஓர் உறுப்பினர்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். ஒஸ்ட்ரியக் கணக்குகளின்படி முறையாக ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பாதுகாப்பு 96 முதல் 99 வீதம் வரை. குறைந்ததையே எடுத்துக்கொள்வோம். பத்து இலட்சம் பேர் வாழும் ஒரு மாகாணத்தைக் கற்பனை செய்யுங்கள். எட்டரை இலட்சம் பேர் ஊசி ஏற்றியவர்கள், ஒன்றரை இலட்சம் பேர் ஏற்றாதவர்கள். ஏற்றாதவர்களில், இலட்சத்துக்கு 6 வீதம், 9 பேர் நோயுறுவார்கள். ஏற்றியவர்களில் 2 பேர். வைத்தியசாலையில் கிடக்கும் 11 பேரில் 2 பேர் ஊசி போட்டவர்கள்! வாட்டுக்குள் நின்று பார்ப்பவருக்கு ஐந்தில் ஒருவருக்கு ஊசி பலிக்கவில்லை என்றுதான் தோன்றும். ஊசியே இல்லாதிருந்தால் 60 பேர் படுத்திருப்பார்கள் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. வராத நோயை யார் எண்ணுவது?

ஊசி தோற்கும் இடங்களும் உண்டு. மூன்று தடவை ஏற்ற வேண்டும். மூன்றாவது ஊசி பல மாதங்கள் கழித்தே வரும். பிறகு மூன்று வருடத்தில் ஒன்று, அதன்பின் பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒன்று என்று ஊக்க ஊசி தேவை. இடையில் விட்டவர்களுக்குப் பாதுகாப்பு குறைகிறது. வயது ஏற ஏற உடம்பின் எதிர்ப்பும் மந்தமாவதால், அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பல நாடுகளில் மூன்று வருடத்துக்கு ஒன்று போடச் சொல்கிறார்கள். அதே உண்ணி பரப்பும் லைம் நோய்க்கு இந்த ஊசி ஒன்றும் செய்யாது. அது பக்டீரியாவால் வருவது. காய்ச்சாத ஆட்டுப்பாலாலும் மூளைக்காய்ச்சல் வரலாம். 1951 இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ரோஷ்ஞாவா நகரில் அறுநூறுக்கு மேற்பட்டோர் அப்படித்தான் நோயுற்றார்கள்.

உண்ணிக்கான ஊசி எல்லாமே இப்படி வேலை செய்யும் என்று எண்ணிவிடவும் கூடாது. கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் 1957 இல் குரங்குகள் செத்து விழுந்ததோடு வெளிப்பட்ட கியாசனூர் காட்டு நோய் இதே வைரஸின் நெருங்கிய உறவு. பெரும்பாலும் இரத்தக்கசிவுக் காய்ச்சல், சிலருக்கு இரண்டாம் சுற்றில் மூளையும் பாதிக்கப்படும். அதற்கும் ஊசி இருந்தது. 2005 முதல் 2010 வரையான தரவுகளை ஆராய்ந்தபோது இரண்டு ஊசிக்கு 62 வீதப் பாதுகாப்பும், ஊக்க ஊசியும் சேர்ந்தால் 83 வீதமும்தான் கிடைத்தது. பின்னர் அந்த ஊசி வழங்குவது நிறுத்தப்பட்டு, புதியதற்கான வேலை நடக்கிறது. அதுவரை அங்குள்ள தோட்டத் தொழிலாளரும் விறகு பொறுக்கப் போகும் பெண்களும் உண்ணி விரட்டும் எண்ணெயைக் கைகால்களில் பூசிக்கொண்டுதான் காட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது.