மென்பொருளுக்கும் ஒரு பூட்டு

மரம் அறுக்கும் இயந்திரத்தின் ரம்பத்துக்கு ஒரு மூடி போட்டால் விரல் தப்பும். மூடியைத் திறந்ததும் மோட்டார் நிற்கும்படி சுவிட்ச் வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் இன்றைய தொழிற்சாலைகளில் பல இயந்திரங்களை நிறுத்துவது மென்பொருள். அதை வெளியாள் ஒருவர் மாற்றிவிட்டால் என்ன ஆகும்?

இது வெறும் கற்பனை அல்ல. 2017இல் சவூதி அரேபியாவின் பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றில், ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்தவென்றே இருந்த பாதுகாப்புக் கணினிக்குள் ‘ட்ரைட்டன்’ என்ற தீநிரல் புகுந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இயந்திரப் பாதுகாப்பு விதிகள் இத்தகைய ஆபத்தையும் கணக்கில் எடுக்கும்படி மாறுகின்றன. அதன் முதல் இயந்திர டைரக்டிவ் 1989இல் வந்தது. தற்போதைய வடிவம் 2006இல் இயற்றப்பட்டு, 2009 டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. இயந்திரத்தின் மேல் காணப்படும் ‘சிஇ’ முத்திரை, இந்த விதிகளுக்கு உட்பட்டுச் செய்தேன் என்று தயாரிப்பாளர் தரும் உறுதி. ஆபத்தை முதலில் வடிவமைப்பிலேயே நீக்க வேண்டும்; முடியாதபோது மூடியும் சென்சாரும் வைக்க வேண்டும்; மிஞ்சும் ஆபத்துக்கு மட்டுமே எச்சரிக்கை வாசகம். இந்த வரிசை மாறவில்லை.

மாறுவது வேறு. டைரக்டிவ் என்றால் ஒவ்வொரு நாடும் தனித்தனியே சட்டம் இயற்ற வேண்டும். அதன் இடத்தில் வரும் 2023/1230 எண்ணுள்ள ரெகுலேஷன், 2027 ஜனவரி 20 முதல் 27 நாடுகளிலும் நேரடியாகச் செல்லும். அதன்படி, பாதுகாப்பு தொடர்பான மென்பொருளை யாரும் சிதைக்க முடியாதபடி காக்க வேண்டும். யாராவது கைவைத்தால் அதன் தடயம் பதிவாக வேண்டும்.

பெரும்பாலான இயந்திரங்களுக்குத் தயாரிப்பாளரே சான்றளித்துக்கொள்ளலாம். ஆறு வகைகளுக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற வெளி அமைப்பின் சோதனை கட்டாயம். வாகனப் பழுதுபார்ப்பு லிஃப்ட் அதில் ஒன்று. தானே கற்று நடத்தையை மாற்றிக்கொள்ளும் பாதுகாப்புப் பாகங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

பழைய இயந்திரத்தை வாங்கி, தயாரிப்பாளர் எதிர்பாராத விதத்தில் மாற்றி, புதிய ஆபத்தை உண்டாக்கினால், மாற்றியவரே தயாரிப்பாளரின் பொறுப்பை ஏற்க வேண்டியிருக்கும். கையேட்டை இனி டிஜிட்டலாகத் தரலாம். வாங்கும்போது கேட்டால் அச்சுப்பிரதியை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும்.

இயந்திரம் எந்த நாட்டில் தயாரானாலும் ஐரோப்பியச் சந்தையில் விற்க இதே விதிதான். கோவையிலிருந்து பம்பும் நெசவு இயந்திரமும் ஏற்றுமதி செய்பவர்கள், தங்கள் கட்டுப்பாட்டு மென்பொருளையும் ஆபத்து மதிப்பீட்டுக் கோப்பையும் இந்த விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.