மீட்டர் காட்டும் வெக்கை

மே மாதத்தில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், அவனியாபுரத்துக் கான்கிரீட் வீடுகளுக்குள் இரவிலும் புழுக்கம் அடங்குவதில்லை. அந்த நேரத்தில் டிவியின் பின்புறமும் செல்போன் சார்ஜரும் கையைச் சுட்டால், பழுதாகிவிட்டதோ என்ற பயம் வருவது இயல்பு. பெரும்பாலும் அது பழுதில்லை. கம்பியில் ஓடும் எலெக்ட்ரான்கள் வழியில் உள்ள அணுக்களோடு மோதி ஆற்றலை இழக்கின்றன. அணுக்களின் அதிர்வு கூடுகிறது, அதுதான் சூடு. மின்னோட்டம் இரட்டிப்பானால் இந்தச் சூடு நான்கு மடங்காகும் என்பதை இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்டார்.

நாம் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த படி. அறைக்குள் செலவாகும் மின்சாரம், நடுவில் என்ன வேலை செய்தாலும், கடைசியில் ஏறக்குறைய முழுவதும் அந்த அறையிலேயே வெப்பமாகிறது. பல்பின் வெளிச்சம் சுவரில் பட்டுச் சூடாகிறது. டிவியின் சத்தமும் அப்படியே. மின்விசிறி குளிர்ச்சி தருகிறதே என்று கேட்கலாம். அது குளிர்விப்பது வியர்த்த உடம்பை, அறையை அல்ல. 75 வாட் மின்விசிறி ஒரு மணி நேரத்தில் வெளிவிடும் வெப்பம், பத்துக்குப் பத்து அறையின் காற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் 8 டிகிரி உயர்த்தப் போதும். சுவரும் தரையும் உறிஞ்சிக்கொள்வதாலும் ஜன்னல் வழியே காற்று மாறுவதாலும்தான் நமக்கு அது தெரிவதில்லை. ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறி வெக்கையைக் கூட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிரும் என்பதும் இதே கணக்கில் அடிபட்டுப்போகிறது. உள்ளிருந்து எடுத்த வெப்பத்தோடு கம்ப்ரசர் இழுத்த மின்சாரத்தையும் சேர்த்து அது பின்பக்கமாக அறைக்குள்தான் விடுகிறது. ஏசி அறையைக் குளிர்விப்பது உண்மை. ஆனால் 1 டன் ஏசி அறையிலிருந்து எடுக்கும் சுமார் 3,500 வாட் வெப்பமும், தான் உண்ணும் ஏறத்தாழ 1,000 வாட்டும் தெருவுக்குப் போகின்றன. குறுகலான சந்தில் எதிர்வீட்டு ஜன்னல்தான் அதை வாங்கிக்கொள்கிறது.

எல்லாச் சூடும் இயல்பானது என்று சொல்லிவிட முடியாது. பிளக்கோ சுவிட்ச் போர்டோ சுட்டால் அது ஆபத்து. தளர்ந்துபோன பிளக் முனையில் அரை ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் டிவியைச் செருகினால் எதுவும் தெரியாது. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகினால் 8.7 ஆம்பியர் பாய்ந்து, நகக்கண் அளவு இடத்தில் 38 வாட் வெப்பம் குவியும். பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். ஜூல் சொன்ன நான்கு மடங்குக் கணக்கின் விளைவு இது. 6 ஆம்பியர் பாயிண்டில் இதுபோன்ற அடுப்பைச் செருகக் கூடாது என்று எலெக்ட்ரீஷியன்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

மொட்டைமாடியில் விழும் வெயிலுக்கு முன்னால் இந்த வாட்டெல்லாம் எம்மாத்திரம் என்ற ஆட்சேபம் நியாயமானது. நண்பகலில் நூறு சதுர அடித் தளத்தில் விழும் வெயில் 8,000 வாட்டுக்கும் மேல். ஆனால் பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் அதைக் கக்கிக்கொண்டிருக்கும் இரவில், அதன் மேல் நாமே சேர்க்கும் சூடு இது. சுவிட்ச் நம் கையில் இருக்கிறது. 60 வாட் குண்டு பல்பு 9 வாட் எல்இடிக்கு வழிவிட்டதில் 51 வாட் வெக்கையும் வெளியேறியது. மின்விசிறிகளில் அந்த மாற்றம் இன்னும் முழுதாக நடக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற 2016-ஆம் ஆண்டுச் சலுகை ஏழை வீடுகளுக்கு அவசியமானது, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பில் பூஜ்யமாக வரும் வீட்டில் பழைய மின்விசிறியை மாற்றும் எண்ணமும் வருவதில்லை. கட்டணத்தைத்தான் அரசு தள்ளுபடி செய்ய முடியும், வெப்பத்தை அல்ல. பிஎல்டிசி மோட்டார் கொண்ட மின்விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். படுக்கையறைக்குள் இறங்காமல் போகும் வெப்பமும் அதே 32 யூனிட். காயில் எரிந்த மின்விசிறியை மறுபடி காயில் கட்டக் கொடுக்கும் முன் இந்த 32 யூனிட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.