ஆறு மேலே, வயல் கீழே

ஆற்று நீர் மேலே ஓட, வயல் கீழே கிடக்கும் ஊரைப் பார்த்திருக்கிறீர்களா? கேரளத்தில் அப்படி ஒரு பகுதி இருக்கிறது. அதன் பெயர் குட்டநாடு. வாருங்கள், ஒரு மழைநாளில் படகேறிப் போய் வருவோம்.

ஆலப்புழைப் படகுத்துறை நம் ஊர்ப் பேருந்து நிலையம் மாதிரிதான். அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை இங்கிருந்து படகு விடுகிறது. கோட்டயம் போகும் படகில் ஏறுவோம். பயணம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். காலையில் போனால் மாலைக்குள் திரும்பிவிடலாம். குடையை மறக்க வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம்.

படகில் பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். அரிசி மூட்டையோடு ஒரு பெரியவர் ஏறுகிறார். இங்கே பல வீடுகளுக்கு முன்னால் தெரு இல்லை. வாய்க்கால்தான் இருக்கிறது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டுமானால் படகு வர வேண்டும்.

பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய ஆறுகள் மலையிலிருந்து இறங்கி இங்கே வருகின்றன. வேம்பநாட்டுக் காயலில் கலக்கின்றன. காயல் என்றால் கடலை ஒட்டிய பெரிய நீர்ப்பரப்பு. ஆழம் குறைந்த இடங்களில் மக்கள் கரை கட்டினார்கள். நீரில் மூழ்கி, அடியிலிருந்து சேற்றை அள்ளி வந்து கரையில் கொட்டினார்கள். கரைக்குள் இருந்த நீரை வெளியே இறைத்தார்கள். அந்த நிலம்தான் வயல் ஆனது. சில வயல்கள் கடல் மட்டத்தைவிட 2 மீட்டர் வரை தாழ்வாக இருக்கின்றன. அந்த வயலில் ஒருவர் நின்றால், அவர் தலை படகில் இருக்கும் நம் காலுக்குக் கீழே இருக்கும்!

முன்பு காலால் மிதித்துச் சுற்றும் சக்கரத்தால் நீர் இறைத்தார்கள். பிறகு 'பெட்டியும் பறையும்' என்ற இறைப்பு எந்திரம் வந்தது. பறை என்பது மரத்தால் செய்த பீப்பாய். அதனுள் சுழலும் விசிறி நீரை மேலே தள்ளும். பெட்டி வழியாக நீர் வெளியேறும்.

மழை ஓய்ந்த பிறகு நீரை இறைத்துவிட்டு நெல் விதைக்கிறார்கள். மாசி, பங்குனியில் அறுவடை. இதற்குப் 'புஞ்சை' என்று பெயர். நமக்குப் புஞ்சை என்றால் வறண்ட நிலம். அவர்களுக்கோ நீருக்கு அடியிலிருந்து எடுத்த நிலம்! மழைக்காலத்தில் பல வயல்கள் நீர் நிறைந்து ஏரி போலக் கிடக்கும். சிலர் மட்டும் துணிந்து அப்போதும் பயிர் செய்கிறார்கள். ஒரே கரைக்குள் பலருடைய வயல்கள் உண்டு. கரை ஓரிடத்தில் உடைந்தால் போதும், அத்தனை பேருடைய பயிரும் போய்விடும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் குட்டநாட்டு மக்கள் பெரும்பாலோர் வீட்டை விட்டே வெளியேற நேர்ந்தது.

கோடையில் வேறு தொல்லை. கடலின் உப்புநீர் உள்ளே ஏறும். அதைத் தடுக்கத் தண்ணீர்முக்கத்தில் 1970களில் கதவுகள் வைத்த தடுப்பணையைக் கட்டி முடித்தார்கள். நெல்லுக்கு அது நல்லது. ஆனால் கடலிலிருந்து மீனும் இறாலும் வரும் வழி அடைபட்டது. ஆகாயத்தாமரையும் பெருகியது. கதவை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதில் உழவருக்கும் மீனவருக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. இருவர் பக்கமும் நியாயம் உண்டு.

சுற்றிலும் இவ்வளவு நீர் இருக்கிறதே, குடிக்கலாமா? கூடாது. குடிநீருக்கு இங்கே குடத்தோடு காத்திருக்கிறார்கள். நாமும் கையில் நீர் கொண்டு போவோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கும். எழுத்து மலையாளம். ஆனால் எண் நாம் படிக்கும் அதே எண்தான். 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் போன படகில் அளவுக்கு மீறிக் கூட்டம். அரசு வேலைக்கான தேர்வு எழுதப் போனவர்கள் அதில் பலர். படகு காயலில் கவிழ்ந்தது. 29 பேர் இறந்தார்கள். அந்த எண்ணைவிடக் கூட்டம் அதிகமாகத் தெரிந்தால் ஏறாதீர்கள். அடுத்த படகுக்கு நில்லுங்கள்.

கோட்டயத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் படகைப் பிடிப்போம். இப்போது மழை வலுத்துவிட்டது. தார்ப்பாயை இறக்கிவிட்டார்கள். பள்ளி விட்ட பிள்ளைகள் ஒவ்வொரு துறையாக இறங்கி, கரைமேல் வரிசையாக நடந்து போகிறார்கள்.